மரத்து மேல ஏறி வேலை செய்யறவங்களுக்கு: டாப் ஹேண்டில் செயின்சா பாத்து வாங்கறதும் பராமரிக்கறதும்

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்ச வாரம்தான் நான் மொத தடவையா மெஷின் ரம்பத்தோட மரத்துல ஏறுனேன். சென்னைல அப்ப எந்த தெருவுல திரும்புனாலும் மரம் சாஞ்சு கெடந்துச்சு, கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போனோம். கையில இருந்தது பின்னாடி கைப்பிடி வச்ச 58 சிசி மெஷின், மரக்கடைல தரையில போட்டு கட்டை அறுப்பாங்கல்ல அதே சைஸ். பாரும் (செயின் சுத்தி ஓடற நீள தகடு) பெட்ரோலும் சேத்து ஏழு கிலோ பக்கம் வரும், அதை தூக்கிட்டு கவட்டைல ஒக்காந்து அரை நாள் அறுத்தா தோள் மட்டும் இல்ல விரலெல்லாம் மரத்துப்போயிடும், ட்ரிக்கர விட்டோமா விடலையான்னே தெரியாது. இன்னைக்கும் நிறைய டீம்ல அதே மெஷினத்தான் மேல ஏத்துறாங்க, அதைப் பாக்கும்போதெல்லாம் வயித்தைக் கலக்குது, அதனாலதான் இதை எழுதறேன்.

மரத்து மேல எடுத்துட்டு போறதுக்குன்னே செஞ்சது டாப் ஹேண்டில் மெஷின். கைப்பிடி இன்ஜினுக்கு நேர் மேல இருக்கும், அதனால வெயிட் கைக்கு நடுவுல விழும், நீளமும் கம்மி, இடுப்பு பெல்ட்டுல கயித்துல தொங்க விட்டுக்கிட்டே ஏறலாம். ஆனா அந்த அமைப்பாலதான் ஒத்தக்கையிலயே அறுத்துடலாம்னு தோணும், ஆபத்தே அங்கதான். ரம்பத்தோட மூக்கு இருக்குல்ல, அதோட மேல் பாதி ஏதாவது கொப்புல பட்டுச்சுன்னா மெஷின் கண் இமைக்கறதுக்குள்ள மூஞ்சிக்கு நேரா உதைச்சுட்டு வரும், கிக்பேக்னு சொல்றது அதைத்தான். ரெண்டு கையும் புடிச்சிருந்தா இடது கை மணிக்கட்டு முன்னாடி இருக்கற தகட்டுல பட்டு செயின் பிரேக் விழுந்து செயின் நின்னுடும், ஒத்தக்கைன்னா அந்த தகடுக்கு பின்னாடி கையே இல்ல.

எங்க டீம்ல ஒரு தம்பிக்கு நடந்ததை சொல்றேன். அடையாறு பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம், வீட்டு மாடிக்கு மேல நீண்ட கிளையை கழிக்கணும். கடைசி துண்டு சின்னதுதானேன்னு இடது கையால கிளையப் புடிச்சுக்கிட்டு வலது கையால அறுத்தான். கிளை சட்டுன்னு விட்டுச்சு, மெஷின் இறங்குன வேகத்துல அவன் இடது கை கட்டை விரல் பக்கம் கிளவுஸ் ரெண்டு இன்ச்சுக்கு கிழிஞ்சு தொங்குச்சு, உள்ள தோல்ல ஒரு கீறல் கூட இல்ல. கீழ வந்து அந்த கிளவுஸ கையில வச்சு பாத்துக்கிட்டே இருந்தான், அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்ல. அதுக்கப்புறம் எங்ககிட்ட ஒரே ரூல், அறுக்கும்போது ரெண்டு கையும் மெஷின்ல இருக்கணும், ஒடம்பு ரெண்டு எடத்துல கட்டியிருக்கணும், அதாவது மேல போற ஏறுற கயிறு ஒண்ணு, அதோட மரத்தை சுத்தி இடுப்பு பெல்ட்டுல மாட்டற கயிறு ஒண்ணு. நைலான் கயிறு மட்டும்னா செயின் லேசா பட்டாலே போச்சு, அதனால இடுப்பு கயித்துல உள்ள ஸ்டீல் கம்பி ஓடறது வாங்குங்க, அதுவும் மெஷினுக்கு ஈடு கொடுக்கும்னு நெனைக்காதீங்க, கொஞ்சம் நேரம் கிடைக்கும் அவ்வளவுதான்.

இப்ப வாங்கறதுக்கு வருவோம். 25 சிசில இருந்து 40 சிசிக்குள்ளதான் டாப் ஹேண்டில் மெஷின்லாம் வரும். எக்கோ 2511 டி 25 சிசி, பார் இல்லாம 2.3 கிலோ பக்கம். ஹஸ்க்வர்னா டி435 வந்து 35.2 சிசி, 3.4 கிலோ. ஸ்டில் எம்எஸ் 201 டிசி-எம் அதே 35.2 சிசிதான் ஆனா பவர் கூட, 1.8 கிலோவாட், வெயிட் 3.7 கிலோ. பாரு, செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேந்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு கிலோ கூட்டிக்கங்க. வீட்டு தோட்டத்து மாமரம், வேம்பு, புங்கைன்னு கிளை கழிக்கற வேலைதான் அதிகம்னா 25 சிசி தாராளமா போதும், ரோட்டோர தூங்குமூஞ்சி, வாகைன்னு தொடை தண்டி கிளைய அறுக்கறவங்க 35 சிசிக்கு போங்க. பார் 12 இன்ச், மிஞ்சிப் போனா 14. பதினாறு இன்ச் போட்டா வாங்குன காசுக்கு நல்லா இருக்கும்னு தோணும், ஆனா நீள பாரோட மூக்கு உங்க கண்ணுக்கு தெரியாத எடத்துல இன்னொரு கொப்புல போய் முட்டும். முருங்கைக் கிளைக்கெல்லாம் மெஷினே வேணாம், வளைஞ்ச கை ரம்பம் ஒண்ணு இடுப்புல சொருகிக்கங்க, பாதி வேலை அதுலயே முடியும்.

பேட்டரி மெஷின் நல்லாதான் இருக்கு. அபார்ட்மெண்ட் உள்ள வேலைன்னா சத்தம் இல்ல, மேல ஒக்காந்து கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற தொல்லை இல்ல, கீழ நிக்கறவன் சொல்றது காதுல விழுது. ஒரே ஒரு விஷயம், சத்தம் இல்லாததால அது ஆஃப்ல இருக்குன்னு கை நெனைச்சுக்கும், செயினைத் தொடறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டியே ஆகணும். நாள் பூரா பெரிய மரம்னா எக்ஸ்ட்ரா பேட்டரிக்கே மெஷின் அளவுக்கு செலவாகும், அதையும் கணக்கு போட்டுக்கங்க.

பாரிமுனைல லிங்கி செட்டி தெரு, தம்பு செட்டி தெரு பக்கம் போனா விலை கம்மில பேரு தெரியாத 25 சிசி மெஷின்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க. எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைலயே நின்னு நாலு விஷயம் பாருங்க. செயின் பிரேக்க தள்ளுனா டக்குனு விழுதா, திரும்ப இழுத்தா சுலபமா விடுபடுதா. ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டா செயின் சுத்தாம நிக்கணும், சுத்துச்சுன்னா வேணாம். பின்னாடி கயிறு மாட்டற வளையம் இரும்பா, உறுதியா இருக்கா. அப்புறம் முக்கியமானது, கிளட்ச், ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டற பல் சக்கரம்), கார்பரேட்டர் டயாப்ரம் (உள்ள இருக்கற மெல்லிசு சவ்வு) இதெல்லாம் தனித்தனியா உங்க ஊர்லயே கிடைக்குமான்னு கேளுங்க. மெஷின் விக்கறவன் ஆயிரம் பேரு, முப்பது ரூபா வாஷர் வச்சிருக்கறவன் ஒருத்தன்தான், அவன்கிட்ட வாங்குங்க.

பராமரிப்புல முக்கால்வாசி வேலை செயின்தான். மொட்டை செயின்ல அறுக்கறவன் மெஷின அழுத்துவான், அழுத்தும்போது பேலன்ஸ் போகும், சலிச்சுப்போய் ஒத்தக்கைக்கு மாறுவான், எங்க தம்பிக்கு அன்னைக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான், செயின் காலைல இருந்தே வெட்டல. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா கீழ விழறதைப் பாருங்க, செதில் செதிலா விழுந்தா சாணை இருக்கு, மாவு மாதிரி தூசியா விழுந்தா இறங்கி வந்து அரம் போடுங்க. ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தா ஒரு தடவை அரம், இதை வழக்கமா வச்சுக்கிட்டா ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு மூணு இழுப்பே போதும்.

அரம் சைஸ் தப்பா போட்டுத்தான் பாதி செயின் வீணாகுது. சின்ன மெஷின்ல வர்ற 3/8 இன்ச் லோ புரொஃபைல் (உயரம் கம்மியான) செயினுக்கு 4 மில்லி உருண்டை அரம், 1/4 இன்ச் செயினுக்கு கம்பெனியப் பொறுத்து 3.2 இல்லன்னா 4 மில்லி. பார்ல எந்த பிட்ச்னு (செயின் கண்ணிகளோட இடைவெளி அளவு) அச்சடிச்சிருக்கும், படிச்சுட்டு வாங்குங்க. பாரை வைஸ்ல புடிச்சுக்கங்க, வைஸ் இல்லன்னா அடிமரத்துல ஒரு கீறல் அறுத்து அதுல பாரை சொருகிக்கலாம். மொதல்ல இருக்கறதுலயே சின்ன பல் எதுன்னு பாத்து அதுல இருந்து ஆரம்பிங்க, மத்த பல்லெல்லாம் அந்த நீளத்துக்கு வரணும், இல்லன்னா ரம்பம் ஒரு பக்கமா இழுத்துட்டு போகும். 30 டிகிரி சாய்வுல, பல்லுக்கு உள்ள இருந்து வெளிய தள்ளணும், திரும்ப வரும்போது அரத்தைத் தூக்கிடணும், முன்னும் பின்னும் தேய்க்கறது அரத்துக்கும் கேடு பல்லுக்கும் கேடு. பல் முனைல வெளிச்சத்துல ஒரு வெள்ளைக் கோடு மினுக்குனா அது மழுங்குன எடம், அந்தக் கோடு காணாம போற வரைக்கும் போடுங்க. நாலஞ்சு தடவை அரம் போட்டப்புறம் பல்லுக்கு முன்னாடி நிக்கற குட்டி மேட்டையும் தட்டை அரத்தால தட்டணும், பல்லைவிட 0.65 மில்லி தாழ்வா இருக்கணும், அதுக்குன்னு கேஜ் விக்கறாங்க, கண்ணளவுல செய்யாதீங்க, ரொம்ப எறக்கிட்டா மெஷின் கடிச்சுக் கடிச்சு இழுக்கும், கிக்பேக்கும் அதிகமாகும்.

நம்ம ஊர் ரோட்டு மரத்துல இன்னொரு தலைவலி ஆணி. டியூஷன் சென்டர் போர்டு, டுலெட் போர்டு, கேபிள் ஒயர் கட்டுன கம்பி, எல்லாத்தையும் மரம் வருஷக்கணக்கா முழுங்கி வச்சிருக்கும். ஒரு வேப்ப மரத்துல பழைய துணி காயப்போட்ட கம்பி நாலு இன்ச் உள்ள இருந்துச்சு, புது செயின், ஒரே செகண்ட்ல பத்து பல் போச்சு. அறுக்கற எடத்துல மரம் கருநீலமா கறை படிஞ்சு தெரிஞ்சா நிறுத்துங்க, இரும்பு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். தரைல இருந்து ஆள் கை எட்டற உயரம் வரைக்கும் எனக்கு எப்பவும் பழைய செயின்தான், நல்ல செயின் மேல போனப்புறம். தென்னைல அறுத்தீங்கன்னா நார் போய் கிளட்ச் கவர் உள்ள சுத்திக்கும், ஒவ்வொரு மரத்துக்கும் கவரைத் திறந்து உருவிடுங்க.

செயினோட டென்ஷன், அதாவது இறுக்கம், எப்பவும் செயின் ஆறுனப்புறம், பாரோட மூக்கைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வைங்க. கையால இழுத்தா சுலபமா ஓடணும், கீழ தொங்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை பாரைத் திருப்பிப் போடுங்க, செயின் ஓடற காடில இருக்கற கசடை மெல்லிசு தகடு விட்டு வழிச்சு, ஆயில் வர்ற ஓட்டையை குத்தி விடுங்க. ஆயில் வருதான்னு பாக்க ஒரு அட்டைக்கு நேரா மூக்கைக் காட்டி ஆக்சிலேட்டர் குடுங்க, கோடு மாதிரி எண்ணெய் தெறிக்கணும். பைக்ல வடிச்ச கருப்பு ஆயில இதுக்கு ஊத்தறது நம்ம ஊர்ல பழக்கமாவே போச்சு, அதுல இரும்புத் தூள் இருக்கும், பம்ப்பைத் தின்னுடும், தயவுசெஞ்சு செயின் ஆயிலே வாங்குங்க. ரெண்டு செயின் தேஞ்சா ஸ்ப்ராக்கெட்டையும் மாத்துங்க, பழைய ஸ்ப்ராக்கெட்டுல புது செயின் போட்டா அதுவும் சீக்கிரம் தேயும்.

பெட்ரோல் இப்ப எத்தனால் கலந்துதான் வருது, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், கடலோரத்துல கேக்கவே வேணாம். கேன்ல மாசக்கணக்கா கலந்து வச்சா அடியில தண்ணி பிரிஞ்சு நிக்கும், டயாப்ரம் விறைச்சுப் போகும், காலைல கயிறு இழுத்து இழுத்து கை ஓய்ஞ்சுடும். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50க்கு 1, உங்க மெஷின் புத்தகத்துல வேற சொல்லியிருந்தா அதுபடி, ரெண்டு வாரத்துக்கு தேவையானதை மட்டும் கலந்து வைங்க. ஏர் ஃபில்டர் தினமும் தட்டி சுத்தம் பண்ணுங்க. பிளக் பெரும்பாலும் 0.5 மில்லி கேப், கருப்பா கரி புடிச்சிருந்தா ஆயில் ஜாஸ்தின்னோ ஃபில்டர் அடைச்சிருக்குன்னோ பாருங்க.

மேல ஏறறதுக்கு முன்னாடி தரைலயே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி, செயின் பிரேக் ஒரு தடவை வேலை செய்யுதான்னு பாத்து, ஆஃப் பண்ணி, பிரேக் போட்டுத்தான் ஏத்தணும். மேல இருந்து ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவுல கூட பிரேக். வேலை முடிஞ்சு இறங்குனதும் செயினை கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்க, வேலை நடுவுல சூட்டோட டைட் பண்ணியிருந்தா அது ஆறும்போது சுருங்கும், கிராங்க் ஷாஃப்ட்டையே இழுக்கும். அக்டோபர்ல மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டேங்க்கை காலி பண்ணி, தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு, பாரைக் கழட்டி எண்ணெய் துணியால துடைச்சு உறை போட்டு வச்சா, புயல் வந்த மறுநாள் காலைல புது பெட்ரோல் ஊத்துனதும் நாலாவது இழுப்புல எடுக்கும்.