கோத்தகிரி ஈரத்தில் பழைய பிரௌனிங் ஆட்டோ-5

உரிமம் பெயர் மாறிக் கைக்கு வந்த ஆட்டோ-5, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஷாட்கன் துப்பாக்கி. அதில் சுட்ட காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கியது. அறையும் மேகசினும் காலிதானா என்று விரல்விட்டுப் பார்த்துவிட்டு முன்கட்டையையும் (பேரலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) பேரலையும் கழற்றினேன். மேகசின் குழாய்மேல் பழைய எண்ணெய் பிசினாய் இறுகி, உராய்வால் பின்னுதைப்பை மட்டுப்படுத்தும் வெண்கல வளையம் நகரவே இல்லை. மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் போதும்.

பிறகு துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தேன், அவ்வளவுதான். தாராளமாக விட்டால் உராய்வு குறைந்து, பின்னுதைப்பில் முன்கட்டை பிளக்கும். பழைய ஆட்டோ-5களில் அந்த விரிசல் சகஜம்.

அதே குழாயில் இருக்கும் எஃகு வளையம், கனத்த தோட்டாவுக்கு ஸ்பிரிங்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவே, சரிவுப்பக்கம் வெண்கலத்தைப் பார்த்து இருக்கணும். லேசான தோட்டாவுக்கு ஸ்பிரிங்குக்கு அடியில், துப்பாக்கி உடலை ஒட்டி. எனக்குச் சிக்கியதில் பாதி இந்த வளையம் இடம் மாறி இருந்ததால்தான். மழைக்காலத்தில் தோல் உறையில் வைக்கவே வைக்காதீர்கள், ஈரம் கோத்துத் துரு ஏறும்.