பழைய காரின் எஞ்சின் அறையைக் கழுவி வர்ணம் பூசும் முறை

எங்கள் வளவில் மாமரத்தின் கீழ் நிற்கும் மொறிஸ் மைனர், 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அந்த ஆண்டுகள் பொனற்றுக்குள் விட்டுச் சென்ற கரியும் பிசுக்கும் நெடுங்காலம் அப்படியே படிந்து கிடந்தன. அவற்றைக் கழுவி நான் முதன்முறை பூசிய வர்ணம் மூன்று மாதத்துக்குள் படைபடையாக உரிந்து வந்தது. உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது அதன் உட்புறம் விரலில் வழுக்கியது. நன்றாகக் கழுவிவிட்டேன் என்று நான் எண்ணியிருந்த தகட்டில் மண்ணெண்ணெய்ப் படலம் எஞ்சியிருந்திருக்கிறது. இந்தச் செய்முறையில் கழுவும் பகுதி நீண்டிருப்பது அதனாற்றான்.

எஞ்சினை இறக்காமலும் கொம்பிறசர் இல்லாமலும் வீட்டு வளவிலேயே ஒருவர் மூன்று நான்கு நாள்களில் செய்து முடிக்கக்கூடிய வேலையையே இங்கு விளக்குகிறேன்.

காலமும் பொருள்களும்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் ஈரமும் இருப்பதால் அந்த மாதங்களைத் தவிருங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் செம்மண் தூசி எழுந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் பங்குனியே வாய்ப்பானது. மாசியிலும் செய்யலாம், ஆனால் ‘மாசிப் பனி மூசிப் பெய்யும்’ என்பார்கள் அல்லவா, விடியற்காலையில் தகடு நனைந்தே இருக்கும், ஆகவே வெயில் ஏறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் 2 லீற்றர், சவர்க்காரத் தூள், பழைய பற்தூரிகைகள், கம்பித் தூரிகை, புட்டித் தகடு, 80, 180, 320 இலக்க அரத்தாள்கள், மாஸ்கிங் ரேப், பொலித்தீன் பைகள், துவைத்துக் காயவைத்த பருத்தித் துணிகள், கறள் (துரு) மாற்றும் திரவம், பிறைமர் (அடிப்பூச்சு), எனாமல் வர்ணம், அதற்குரிய தின்னர் ஆகியவை போதும். கையுறையும் கண்ணாடியும், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். வர்ணத்தை இறுக வைக்கும் கடினமாக்கி (ஹார்ட்னர்) கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை வர்ணங்களைத் தொடக்கநிலையினர் வாங்க வேண்டாம். அவற்றின் ஆவியில் உள்ள ஐசோசயனேற்று நுரையீரலைப் பாதிக்கும். வீட்டுப் பாவனைக்குரிய முகக்கவசம் அதற்கு ஈடுகொடுக்காது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழுக்குத் தெரியாது என்பதற்காகப் பலர் எஞ்சின் அறைக்குக் கறுப்பு அடிக்கிறார்கள். மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் எஞ்சின் அறையும் பொடியின் (காரின் உடற்பகுதியின்) நிறத்திலேயே இருந்தது. வெளிர் நிறத்தில் எண்ணெய்க் கசிவு உடனே கண்ணில் படும் என்பதால் நானும் அதையே விரும்புகிறேன்.

கழற்றுதலும் மூடுதலும்

எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் கைத்தொலைபேசியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் பற்றறியின் வயர்களில் பொடியுடன் இணைந்திருக்கும் வயரை முதலில் கழற்ற வேண்டும். 1950களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனையே பொடியுடன் இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே கறுப்பு வயர், சிவப்பு வயர் என்று நிறத்தை நம்பாமல் வயர் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். பற்றறியை வெளியே எடுத்து, அது இருந்த தட்டை நன்கு கவனியுங்கள். அமிலம் சிந்திச் சிந்தித் தகடு அரிபட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து அவ்விடத்தில் ஊற்றி, நுரை அடங்கிய பின் கழுவிவிடுங்கள்.

காற்று வடிகட்டியைக் கழற்றினால் காபரேற்றரின் வாயைத் துணியால் அடைத்துப் பொலித்தீனால் கட்ட வேண்டும். டிஸ்ரிபியூற்றர், கொயில், டைனமோ, பியூஸ் பெட்டி, எண்ணெய் ஊற்றும் மூடி ஆகியவற்றையும் அவ்வாறே மூடுங்கள். அடைத்த துணிகளின் எண்ணிக்கையைச் சுவரிலாவது எழுதி வையுங்கள்; வேலை முடிந்ததும் அத்தனையும் திரும்பக் கைக்கு வர வேண்டும்.

கழுவுதல்

தடித்த பிசுக்கை ஈரமாக்காமல் உலர்நிலையிலேயே புட்டித் தகட்டால் சுரண்டி எடுங்கள். எஞ்சியதில் மண்ணெண்ணெயைத் தூரிகையால் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். தூரிகை நுழையாத மூலைகளுக்கு ஈர்க்கின் நுனியில் துணியைச் சுற்றி விட்டு எடுப்பதைவிடச் சிறந்த கருவியை நான் இதுவரை காணவில்லை. இந்த வேலைக்குப் பெற்றோலைப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் ஆவி ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும்.

வடியும் அழுக்கை நிலத்தில் விடக்கூடாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் தேங்கி நிற்பது. மேலே சிந்தும் எண்ணெய் இலகுவாகக் கீழிறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். காரின் அடியில் அகன்ற தட்டை வைத்து, அதில் மரத்தூள் பரப்பி, ஊறிய தூளையும் வடிந்த எண்ணெயையும் மூடியுள்ள கலனில் சேர்த்துப் பழைய எஞ்சின் எண்ணெய் சேகரிக்கும் கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்குமே தவிர, தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தகட்டில் தங்கிவிடும். எனவே இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரத் தூளைக் கரைத்து இரண்டு தடவையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். வயர் இணைப்புகளுக்குள் புகுந்த நீர் நாட்கணக்கில் வெளியேறாது. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரையே எடுங்கள். கரையோரத்தில் உள்ளவர்களின் கிணற்றில் சவர்த் தண்ணீர் என்றால் சேமித்த மழைநீரைப் பயன்படுத்தலாம். தகட்டில் உப்பு காய்ந்து நின்றால் அது வர்ணத்தின் அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளங்களை உண்டாக்கும்.

இனிச் சோதனை. ஒரு கிண்ணம் சுத்தமான நீரைத் தகட்டின் மேல் மெதுவாக வழியவிட்டு அருகில் குனிந்து பாருங்கள். நீர் கண்ணாடித் தாள் விரித்ததுபோல ஒரே படலமாகப் பரவி வழிந்தால் தகடு சுத்தம். சேம்பிலையில் விழுந்த நீர்போல முத்துமுத்தாகத் திரண்டு ஓடினால் அவ்விடத்தில் எண்ணெய் இருக்கிறது. மீண்டும் சவர்க்கார நீருக்குத் திரும்ப வேண்டியதுதான். பிரேக் எண்ணெய்க் கலன் எஞ்சின் அறைக்குள் இருக்கும் கார்களில் அதைச் சுற்றியுள்ள பகுதியை மூன்று தடவை சோதியுங்கள். சாதாரண பிரேக் எண்ணெய் வர்ணத்தையே கரைக்கவல்லது.

கறளும் அரத்தாளும்

தகடு காய்ந்த பின் கறள் பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையாலும் 80 இலக்க அரத்தாளாலும் தேய்த்து, உதிரும் கறள் முழுவதையும் அகற்றுங்கள். குழிகளுக்குள் ஒட்டியிருப்பதற்குப் பொசுபோரிக் அமிலம் கலந்த கறள் மாற்றும் திரவத்தைப் பூசிப் போத்தலில் சொல்லப்பட்ட நேரம் விட வேண்டும். ஸ்குறூட்ரைவரால் குத்தும்போது தகடு உள்ளே போனால் அது ஒட்டு வேலை செய்பவரிடம் போக வேண்டிய இடம். புட்டி வைத்து மறைக்க வேண்டாம்.

நல்ல நிலையில் உள்ள பழைய வர்ணத்தை உரிக்கத் தேவையில்லை. பளபளப்புப் போகும் அளவுக்கு 320 இலக்கத்தால் தேய்த்தால் போதும். ஆனால் பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அரத்தாளை நனைத்துத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். மறைவான இடமொன்றில் என்.சி. (நைத்திரோசெலுலோசு) தின்னர் தோய்த்த துணியை அழுத்திப் பாருங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் பழையது செலுலோசு வர்ணம். அதன் மேல் எனாமல் பூசலாம். கரையாவிட்டால் அது எனாமலாக இருக்கக்கூடும். அதன் மேல் என்.சி. வர்ணம் அடித்தால் அப்பளம் பொரிந்ததுபோலச் சுருங்கிவிடும்.

வர்ணம்

எனாமலுக்குரிய தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இதன் பின் வெறுங்கையால் தகட்டைத் தொட வேண்டாம். வர்ணம் படக்கூடாத இடங்களை மாஸ்கிங் ரேப்பால் மூடும்போது மூன்றை மறக்கக்கூடாது: அடிச்சட்ட இலக்கம் பொறித்த தகடு, எஞ்சின் இலக்கம், பற்றறியின் பொடி வயர் இறுகும் இடம். முதலிரண்டும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துப்பார்க்கப்படுபவை. மூன்றாவதை ஒருமுறை நான் மறந்து வர்ணத்தின் மேலேயே போல்ற்றை இறுக்கினேன். திறப்பைத் திருப்பியபோது ‘டிக்’ என்ற சத்தத்தோடு ஸ்ராற்றர் நின்றுவிட்டது. அரை நாள் பற்றறியைக் குறை சொல்லிய பின்னரே காரணம் புரிந்தது.

வெறும் இரும்பு தெரியும் இடங்களுக்குப் பிறைமர் இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிட்டு, 320 இலக்கத்தால் மெல்ல வருடுங்கள். அதன் பின் எனாமல். ஸ்பிறே ரின் என்றால் உள்ளிருக்கும் குண்டு கலகலக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு கையை ஓட்டுங்கள். முதற்பூச்சில் அடித்தளம் தெரிவது இயல்பே. அதை மறைக்க அவசரப்பட்டால் வர்ணம் வழியும். அடுத்த பூச்சுக்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ரின்னில் எழுதியிருப்பதுபோலவே பின்பற்றி, மூன்று பூச்சு கொடுங்கள். தூரிகையால் பூசுவதும் தவறன்று. மூலைகளில் அது இன்னும் சுலபம்.

எஞ்சின் புளொக்கிற்குச் சூடு தாங்கும் எஞ்சின் எனாமல் தேவை. புகை வெளியேறும் மனிபோல்டுக்கு அதுவும் போதாது. 600 பாகை செல்சியசு வரை தாங்கும் விசேட வர்ணம் கிடைக்காவிட்டால் அதை வெறுமனே விட்டுவிடுவது நல்லது.

மூடிய ரேப்பை வர்ணம் முழுதும் இறுகுவதற்கு முன்னர் உரித்தெடுத்து, இரண்டு முழு நாள்கள் பொனற்றைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். துணிகளை எண்ணிச் சரிபார்த்து, படங்களைப் பார்த்துப் பாகங்களைப் பூட்டி, பற்றறியின் பொடி வயரைக் கடைசியாக இணையுங்கள். முதன்முறை எஞ்சின் சூடாகும்போது புதிய வர்ணத்திலிருந்து மெல்லிய புகையும் வாசனையும் வரும். தீயணைக்கும் கருவியோ ஒரு வாளி மணலோ பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வாரம் ஓடிய பின் ரோச் லைற்றைப் பிடித்து ரப்பெற் கவரின் (எஞ்சினின் மேற்பக்கத்தில் வால்வுகளை மூடும் உறையின்) விளிம்பைப் பாருங்கள். அங்கே புதிதாக ஓர் எண்ணெய்க் கோடு தெரிந்தால், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கோர்க் காஸ்கற்றை மாற்றும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.