வைரஸ் இல்லீங்க பெரியப்பா, நீங்க குடுத்த அனுமதிதான்

பெருந்துறைப் பக்கம் மஞ்சள் போட்டிருக்கும் எங்க பெரியப்பா போனில் பொழுதன்னைக்கும் “உங்கள் போனில் வைரஸ்” என்று எச்சரிக்கை. “ஏங்கண்ணு, புதுசு வாங்கிடோணுமா?” என்றார். போன் கடையில் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்களாம். அதெல்லாம் வேண்டியதே இல்லை.

மஞ்சள் விலை பார்க்கப் போன ஏதோ ஒரு தளம், “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட ‘அனுமதி’யை அழுத்துங்கள்” என்றிருக்கிறது. அழுத்திவிட்டார். அது ரோபோ சோதனையே இல்லை; அறிவிப்பு அனுப்ப பிரவுசர் கேட்கும் அனுமதி. ஒருதரம் கொடுத்தால் போதும், தளத்தை மூடின பிறகும் சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி நிரல் வழியாக இந்த மாதிரி பொய் எச்சரிக்கை அறிவிப்பாக வந்துகொண்டே இருக்கும். 2020 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 72 என்ற பிரவுசர், நாம் பக்கத்தில் எதையாவது தொட்டால் ஒழிய அந்தக் கேள்வியைக் காட்டாது. தொட வைக்கத்தான் இந்த ரோபோ நாடகம் போல!

துப்பு அறிவிப்பிலேயே இருந்தது. கீழே இழுத்துப் பார்த்தால் குரோம் என்ற பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் தளத்தின் முகவரி. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனேன். அனுமதித்த பட்டியலில் வாயில் நுழையாத பெயராக நிறைய இருந்தன. எல்லாவற்றையும் தடுத்தேன். மேலே இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்கவே முடியாது. பெரியவர்கள் போனுக்கு அதுதான் சரி.

எச்சரிக்கை அப்போதே நின்றது. மஞ்சள் விலைக்கு அரசின் அக்மார்க்நெட் தளத்தை முகப்புத் திரையில் வைத்துக் கொடுத்தேன்.