விதி மாறினால் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஃபார்முலா 1-ல் விதி மாறப் போகிறது என்றதும் "இனி சூடு பறக்கும்" என்பார்கள். 2014-ல் நானும் நம்பினேன். 2013-ன் கடைசி 9 பந்தயங்களையும் ரெட் புல் அணியின் வெட்டல் ஒருவரே வென்றிருந்தார், 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட் இன்ஜின் வந்தால் அது ஓயும் என்று கணக்குப் போட்டேன். ஓய்ந்தது. ஆனால் அந்த வருஷத்தின் 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடீஸ் அள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து நோட்டும் கையுமாகத்தான் பார்க்கிறேன்.

தகுதிச்சுற்றின் (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் சுற்று) முதல் கட்ட நேரங்களை மட்டும் எழுதுங்கள். எல்லாக் கார்களும் ஓடுவது அதில்தான். அணிக்கு ஒன்றாக, வேகமான காரின் நேரம் போதும். முதலிடத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதமாக்குங்கள். 80 வினாடிச் சுற்றில் 0.8 வினாடி என்றால் 1 சதவீதம், அதே 0.8, பெல்ஜியத்தின் ஸ்பா மாதிரி 105 வினாடி ஆகும் தடத்தில் 0.76தான். மழை பெய்த வாரத்தை அடித்துவிடுங்கள்.

அடுத்து, எந்த விதி யாரைக் கடிக்கிறது என்று பாருங்கள். 2004-ல் ஃபெராரி 18-க்கு 15 வெற்றி. 2005-ல் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றத் தடை வந்தது. ஃபெராரி போட்டிருந்த பிரிட்ஜ்ஸ்டோன் டயர் தாக்குப்பிடிக்கவில்லை. மொத்தமே ஒரு வெற்றி. அதுவும் மிச்சலின் டயர் போட்ட அணிகள் விலகி, ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபோலிஸில். 2006-ல் தடை போனது, ஃபெராரிக்கு 9 வெற்றி.

விதி மாறுவதற்கு முந்தைய வருஷத்தை யார் சீக்கிரம் கைகழுவினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2008 பட்டத்துக்காக மெக்லாரனும் ஃபெராரியும் பிரேசிலில் கடைசிச் சுற்று வரை மல்லுக்கட்டின. அந்த சீசன் தேறாது என்று ஹோண்டா முன்பே, புது விதிக்கான 2009 காரில் இறங்கிவிட்டது. பிறகு ஹோண்டாவே விலக, அந்தக் கார் பிரான் என்ற பெயரில் ஓடியது. விதியில் ஒரு சந்து கண்டுபிடித்து, அடித்தளத்தில் துளைவிட்டு டிஃப்யூசரை (காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உதவும் பின்பக்க அடிப்பாகம்) இரண்டடுக்காக்கியிருந்தார்கள். முதல் 7 பந்தயங்களில் 6 வெற்றி அதன் ஓட்டுநர் ஜென்சன் பட்டனுக்கு. மற்றவர்களும் அதைச் செய்து காரை மேம்படுத்திய பிறகு அந்த வருஷம் அவர் ஒன்றுகூட வெல்லவில்லை. பட்டம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. அதனால் நோட்டில் சீசனின் முன்பாதி, பின்பாதி என்று கோடு போடுங்கள்.

விதி பழசாகப் பழசாக இடைவெளி சுருங்கும். 2022-ல் வந்த விதியில், 2023-ல் ரெட் புல் 22-க்கு 21 வெற்றி. மறுவருஷம் ஏழு ஓட்டுநர்கள் வென்றார்கள். (2012-ல் முதல் 7 பந்தயங்களுக்கு 7 பேர் வென்றதில் பிரெல்லி டயரின் குறும்பும் உண்டு, அதை இதில் சேர்க்க மாட்டேன்.)

2026-ல் இன்ஜின், கார் இரண்டும் சேர்ந்தே மாறுவதால் நோட்டில் இன்னொரு பத்தி போட்டிருக்கிறேன்: யார் இன்ஜின். 2014-ல் மெர்சிடீஸ் இன்ஜினை மெக்லாரன், வில்லியம்ஸ், ஃபோர்ஸ் இந்தியாவும் போட்டிருந்தன, ஒன்றுகூட வெல்லவில்லை. ஒரே இன்ஜின் கார்களை அடுத்தடுத்த வரியில் எழுதினால், வேகம் இன்ஜினில் இருக்கிறதா காரில் இருக்கிறதா என்பது நாலைந்து பந்தயத்திலேயே பிடிபடும்.