மாண்டலேல இருந்து வந்த சொந்தத்த வீட்டுல வச்சு பாத்துக்கிறவங்களுக்கு

எங்க பெரியம்மா செருப்பு போட்டுக்கிட்டுதான் தூங்குவாங்க. 2025 மார்ச் 28, மத்தியானம் 12.50-க்கு 7.7 அளவுல மியான்மர்ல பூமி ஆடுச்சுல்ல, அதுக்கப்புறம் பல ராத்திரி ரோட்டுலயே பாய் போட்டு படுத்திருந்துட்டு ரங்கூனுக்கு எங்ககிட்ட வந்தவங்க. நாங்க இருக்கிறது நாலாவது மாடி. கீழ கயித்த இழுத்தா மேல மணி அடிக்குமே, அந்த சத்தம் கேட்டாலே கதவு நெலய புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, கரண்ட் போயி தெருவுல ஜெனரேட்டர் போட்டாங்கன்னா மாடிப்படி வரைக்கும் ஓடிருவாங்க. நானும் ரெண்டு வாரமா "ஒண்ணுமில்ல பெரியம்மா, சும்மா பயப்படாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்படி சொல்லவே கூடாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

ஏன்னா அவங்க யோசிச்சு பயப்படல. மூளையில அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, அது யோசிக்கிற பகுதிக்கு முன்னாடியே ஆபத்துன்னு மணி அடிச்சிரும், உடனே அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், காலு தானா ஓடும். சில பேர் ஓடுவாங்க, சில பேர் எரிஞ்சு விழுவாங்க, சில பேர் அப்படியே ஒறஞ்சு போயி கூப்புட்டாலும் திரும்ப மாட்டாங்க. இன்னொரு வகை இருக்கு, எது சொன்னாலும் "சரிப்பா சரிப்பா"ன்னு தலையாட்டிக்கிட்டு யாருக்கும் தொந்தரவு குடுக்காம இருக்கிறவங்க. இவங்கள நல்லா ஆயிட்டாங்கன்னு விட்டுராதீங்க, அதிகமா கவனிக்க வேண்டியது இவங்களத்தான்.

அந்த நேரத்துல என்ன செய்யலாம்னா, பின்னாடி இருந்து தொடாம முன்னால வந்து நில்லுங்க. மெதுவா, எங்க இருக்கோம், இன்னைக்கு என்ன கெழம, அது என்ன சத்தம்னு சொல்லுங்க. "பெரியம்மா, ரங்கூன்ல இருக்கோம், இன்னைக்கு புதன்கெழம, கீழ ஜெனரேட்டர் போட்டிருக்காங்க." ரெண்டு பாதமும் தரையில அழுத்தி வைக்க சொல்லுங்க, மூச்ச இழுக்கிறத விட விடுறது நீளமா இருக்கட்டும், நீங்களும் கூடவே விடுங்க. அவங்க தணிஞ்சதுக்கு அப்புறம் பேச்செல்லாம்.

வீட்டுலயும் கொஞ்சம் மாத்தணும். நான் அந்த மணி நாக்குல பழைய லுங்கித் துணிய சுத்தி கட்டினேன், இப்ப டொக்குனுதான் கேக்கும். கரண்ட் போற நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே "இப்ப மோட்டார் சத்தம் வரும்"னு சொல்லிருவேன். செருப்ப கழட்ட சொல்றதயும் விட்டுட்டேன், அவங்க படுக்கைய கதவு பக்கமே போட்டு குடுத்தேன், அன்னைக்குதான் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்குனாங்க.

பாக்க வர்ற சொந்தக்காரங்க "என்ன ஆச்சு, எப்படி விழுந்துச்சு, யாரு யாரு போனா"ன்னு மொதல்ல இருந்து கேப்பாங்க. வாசல்லயே சொல்லிருங்க, கேக்காதீங்கன்னு. அவங்களா பேசுனா காது குடுங்க, ஆனா கெளறி எடுக்காதீங்க, நடந்தத எல்லாம் ஒரே மூச்சுல கொட்ட வைக்கிறது வேணாம்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. மருந்துக்கடையில பொட்டலம் கட்டி தர்ற தூக்க மாத்திரையும் வேணாம், தயவுசெஞ்சு. ஒரு மாசம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்குனு எழும்புறது, யாரயும் பாக்க பிடிக்காம இருக்கிறது கொறையலன்னா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. செத்திரலாம்னு வாய்ல வந்துச்சுன்னா அன்னைக்கே போங்க, ஒரு நாள் கூட தள்ளாதீங்க.

இப்ப உங்க விஷயம். ஒரு நாள் டீ கொட்டிருச்சுன்னு பெரியம்மாவ கத்திட்டேன், கத்துன அப்புறமும் மனசுல ஒண்ணுமே தோணல, அதுதான் என்ன பயமுறுத்துச்சு. பர்ன்அவுட்டுங்கிறது வெறும் அலுப்பு இல்ல. கிறிஸ்டினா மாஸ்லாக்குங்கிற ஆராய்ச்சியாளர் மூணு அடையாளம் சொல்றாங்க: தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு, பாத்துக்கிற ஆள் மேலயே ஒட்டாம போறது, என்ன செஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு தோணுறது. ரெண்டாவது வந்துச்சுன்னா நீங்க கெட்டவங்க ஆயிட்டீங்கன்னு அர்த்தம் இல்லங்க, ரொம்ப நாளா தனியா தூக்கியிருக்கீங்கன்னு அர்த்தம். பரஹித குழுக்கள்ல, அதாவது சம்பளம் இல்லாம ஜனங்களுக்கு உதவி செய்யிற தொண்டு குழுக்கள்ல, ஓடுற நம்ம பசங்களுக்கும் இதேதான். 1974-ல ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு உளவியலாளர் பர்ன்அவுட்டுங்கிற சொல்ல எழுதுனதே இலவச மருத்துவமனையில வேல செஞ்ச தொண்டருங்கள பாத்துத்தான்.

ஓய்வு எடுங்கன்னு சும்மா சொல்ல மாட்டேன், ஆள் மாத்துங்க. "எதாவது உதவி வேணும்னா சொல்லு"ன்னு சொல்றவங்கள அப்படியே விடாம, நாள், நேரம் குறிச்சு கேளுங்க: "செவ்வாக்கெழம நாலுலருந்து ஆறு வரைக்கும் வந்து உக்காரு." சிங்கப்பூர்ல இருந்து பணம் மட்டும் அனுப்புற தம்பிகிட்ட தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால்ல அரை மணி நேரம் பேச சொன்னேன், அந்த அரை மணி நேரம் நான் கீழ டீக்கடையில உக்காருவேன். ராத்திரி முழிக்கிற ஆளும் பகல்ல பாக்குற ஆளும் ஒரே ஆளா இருக்கவே கூடாது.

மாத்தி உக்கார வர்றவங்ககிட்ட சின்னதா சொல்லிட்டு போங்க. எங்க வீட்டுல நான் சொல்றது இதுதான்: செருப்ப கழட்டாத, கதவ உள்பக்கம் பூட்டாத, ஜெனரேட்டர் சத்தம் வர்றதுக்கு முன்னாடி பேரச்சொல்லி கூப்புடு.