ஃபானக் கண்ட்ரோலுக்கு ஃபியூஷன் போஸ்ட்டைத் திருத்துவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

கேம் (CAM, கணினி வழி எந்திர வேலைக்கான) மென்பொருள் கணக்குப் போடுவது டூல் போகும் பாதையை மட்டும்தான். அந்தப் பாதையை மெஷினுக்குப் புரியும் ஜி-கோடாக எழுதித் தருவது போஸ்ட் புராசஸர். பல பட்டறைகளில் போஸ்ட் தந்த புரோகிராமை நோட்பேடில் திறந்து, தலைவரியை மாற்றி, கூலண்ட் எண்ணைத் திருத்தி, கடைசியில் டேபிளை முன்னால் கொண்டுவரும் வரியைச் சேர்த்துதான் மெஷினுக்கு அனுப்புகிறார்கள். தினமும் கையால் செய்கிற திருத்தம் ஒருநாள் விட்டுப்போகும்; அன்று டூல் உடையும், இல்லையென்றால் வைஸில் இடிக்கும். அதையே போஸ்ட்டில் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு மறக்க வழியில்லை.

இங்கே எடுத்துக்கொண்டது ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் என்ற கேம் மென்பொருளும், ஃபானக் 0ஐ வகைக் கண்ட்ரோல் உள்ள மூன்று அச்சு வி.எம்.சி.யும் (ஸ்பிண்டில் செங்குத்தாக உள்ள மில்லிங் மெஷின்). ஃபியூஷனின் போஸ்ட் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட சாதாரண உரைக் கோப்பு. அதன் பின்னொட்டு சி.பி.எஸ். கீழே வரும் ஆணைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கோப்பில் அவை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக இருக்கும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு அங்கே முக்கியம். ஓர் எழுத்து மாறினாலும் போஸ்ட் ஓடாது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

அந்த மெஷினில் ஏற்கெனவே நன்றாக ஓடிய ஒரு புரோகிராம் வேண்டும். டூல் சேஞ்ச், டிரில், டேப் மூன்றும் அதில் இருந்தால் நல்லது. நீங்கள் போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான். அடுத்து, மெஷின் தயாரிப்பாளர் கொடுத்த எம்-கோடு (ஸ்பிண்டில், கூலண்ட் போன்றவற்றை ஓட்டி நிறுத்தும் ஆணைகள்) பட்டியல். எம்3, எம்5, எம்8, எம்9, எம்30 போன்றவை எங்கும் ஒன்றுதான். ஏர் புளோ, ஸ்பிண்டில் வழிக் கூலண்ட், சிப் கன்வேயர் ஆகியவற்றின் எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அடுத்த பட்டறையில் ஓடும் எண்ணை நம்பிப் போடக்கூடாது.

கண்ட்ரோலில் ஒரு பாராமீட்டரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: 3401-இன் 0-ஆவது பிட். அது 0 ஆக இருந்தால், புள்ளி இல்லாமல் எழுதிய எக்ஸ்10 என்பதை மெஷின் 0.010 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். 1 ஆக இருந்தால் 10 மி.மீ. பிட் எப்படி இருந்தாலும் போஸ்ட் எப்போதும் புள்ளியோடு எழுதுவதே பாதுகாப்பு. போஸ்ட்டின் மேற்பகுதியில் எக்ஸ்ஒய்இசட்ஃபார்மட் என்ற வரியில் இது அமைந்திருக்கும். அதைக் கலைக்க வேண்டாம்.

நகல் எடுத்து, சோதனை ஜாப் வரையுங்கள்

ஆட்டோடெஸ்க் போஸ்ட் நூலகத்தில் ஃபானக்குக்கான பொதுப் போஸ்ட் இருக்கிறது. அதை உங்கள் கணினியில் இறக்கி, பெயர் மாற்றி, ஃபியூஷனின் போஸ்ட் லைப்ரரியில் லோக்கல் பகுதிக்குள் சேருங்கள். கோப்பின் தொடக்கத்தில் உள்ள டிஸ்கிரிப்ஷன் வரியிலும் மெஷின் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு தெரியும். அவசரத்தில் பழையதைத் தேர்ந்துவிடுவீர்கள்.

பிறகு ஒரு சிறிய சோதனை ஜாப்: மேல் முகத்தை ஃபேஸ் செய்வது, வளைவுள்ள ஓர் ஓரத்தைச் சுற்றுவது, நான்கு துளை போடுவது, அவற்றில் எம்8×1.25 (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. பிட்ச் உள்ள திரெட்; எம்8 கூலண்ட் கோடு அல்ல) டேப் அடிப்பது. நான்கு டூல் போதும். திருத்தாத போஸ்ட்டில் இதை ஓட்டி வரும் கோப்பைத் தனியாக வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் புதிய கோப்பை இதனோடு ஒப்பிட வேண்டும்.

கோடில் கைவைக்கும் முன்

பாதித் தேவைகளுக்குக் கோடைத் தொடவே வேண்டாம். போஸ்ட் செய்யும் சாளரத்தில் வலப்பக்கம் ஒரு பட்டியல் வரும். என்-எண் (வரி எண்) வேண்டுமா, சொற்களுக்கு இடையில் இடைவெளி வேண்டுமா, வளைவை ஐ-ஜே (மையம்) வடிவில் எழுதுவதா ஆர் (ஆரம்) வடிவிலா, இசட் மேலே போக ஜி28-ஆ (ஹோமுக்குத் திரும்புவது) ஜி53-ஆ (மெஷினின் சொந்த அளவில் நகர்வது), ரிஜிட் டேப்பிங்கா (ஸ்பிண்டிலும் இசட்டும் இணைந்து ஓடும் டேப்பிங்) என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். ‘பிரீலோட் டூல்’ என்பதைக் கவனியுங்கள். ஆர்ம் வகை மேகசினில் (மெஷினில் டூல்களை வைக்கும் அமைப்பு) அடுத்த டூலை முன்கூட்டியே அழைத்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். குடை வகை மேகசினில் ஸ்பிண்டிலில் இருக்கும் டூல் தன் பாக்கெட்டுக்கே திரும்ப வேண்டியிருப்பதால் அது தேவையில்லை, அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது வைஸுக்கு ஜி55 (ஜாபின் இரண்டாவது பூஜ்யப் புள்ளி) வேண்டுமென்றால் அதுவும் போஸ்ட் வேலை அல்ல. செட்டப்பில் போஸ்ட் புராசஸ் தாவலில் ஆஃப்செட் எண்ணை 2 ஆக்கினால் போதும். ஒரு ஜாபுக்கு மட்டும், நடுவில் நிறுத்திச் சிப்பைத் துடைக்க வேண்டுமா? அதற்கு மேனுவல் என்.சி. (ஜாபின் நடுவில் கையால் ஆணை சேர்க்கும் ஃபியூஷன் வசதி) இருக்கிறது. எல்லா ஜாபிலும் வரவேண்டிய மாற்றத்தை மட்டுமே போஸ்ட்டுக்குள் எழுதுங்கள்.

எந்த வரி எங்கிருந்து வருகிறது

போஸ்ட் கோப்பு நீளமானது. முழுக்கப் படிக்கத் தேவையில்லை. எந்த நிகழ்வுக்கு எந்தப் பகுதி ஓடும் என்று தெரிந்தால் போதும். ஆன்ஓப்பன் தலைப்பகுதியை எழுதும். ஒவ்வோர் ஆபரேஷனும் தொடங்கும்போது ஆன்செக்ஷன் ஓடும். டூல் சேஞ்சும் ஸ்பிண்டிலும் ஜி54-உம் (ஜாபின் பூஜ்யப் புள்ளி) ஜி43-உம் (டூல் நீளத் திருத்தம்) அதன் வழியாகத்தான் வரும். வேகமாக நகர ஆன்ரேபிட், வெட்டிக்கொண்டு நகர ஆன்லீனியர், வளைவுக்கு ஆன்சர்க்குலர், டிரில் டேப் சுழற்சிக்கு ஆன்சைக்கிள்பாயிண்ட், முடிவுக்கு ஆன்குளோஸ்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் நிறுவி, அதில் ஆட்டோடெஸ்க் தரும் ஃபியூஷன் போஸ்ட் புராசஸர் நீட்சியைச் சேருங்கள். வெளிவந்த புரோகிராமில் ஒரு வரியைக் கிளிக் செய்தால் அதை எழுதிய போஸ்ட் வரிக்கு அது நேராகக் கொண்டுபோய் விடும். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எந்த அளவு எந்தப் பெயரில் போஸ்ட்டுக்கு வருகிறது என்று தெரிய வேண்டுமானால், நூலகத்தில் உள்ள டம்ப் போஸ்ட்டில் அதே ஜாபை ஓட்டிப் பாருங்கள்.

திருத்தம் ஒன்று: கூலண்ட்

எளிதானதில் தொடங்குவோம். கோப்பில் கூலண்ட்ஸ் என்று தேடினால் ஓர் அட்டவணை கிடைக்கும். ஃபிளட் என்பதற்கு எதிரே ஆன் 8 என்று இருக்கும். ஸ்பிண்டில் வழிக் கூலண்டுக்குப் பொதுப் போஸ்ட்டில் 88, 89. உங்கள் மெஷினின் எண்ணை அங்கே மாற்றுங்கள். ஏர் வரிசை காலியாக இருந்தால், தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள ஆன், ஆஃப் எண்களை எழுதுங்கள். மெஷினில் இல்லாத வசதியைக் காலியாகவே விடுங்கள். யாராவது டூலில் தவறாக அதைத் தேர்ந்தால் போஸ்ட்டே சொல்லிவிடும்.

திருத்தம் இரண்டு: முடிவில் டேபிள் முன்னால் வர

பொதுப் போஸ்ட் கடைசியில் எக்ஸ், ஒய் இரண்டையும் ஹோமுக்கு அனுப்பும். டேபிள் ஓரமாகப் போய் நிற்பதால் ஜாப் மாற்றச் சிரமம். எக்ஸ் 800 மி.மீ. ஓடும் மெஷினில் ஹோம் ஒரு முனையில் 0 என்றும் ஓட்டம் மைனஸ் பக்கம் என்றும் வைத்துக்கொண்டால், நடு எக்ஸ்-400. நமக்கு வேண்டிய வரி இது:

ஜி90 ஜி53 ஜி0 எக்ஸ்-400. ஒய்0.

ஆன்குளோஸில் இசட் மேலே போன பிறகு, பழைய எக்ஸ்-ஒய் ஹோம் வரி இருந்த இடத்தில் ரைட்பிளாக் (ஒரு வரியை எழுதும் ஆணை) கொண்டு இதை எழுதுங்கள். 400 என்பதை வெறும் எண்ணாக இட வேண்டாம். டூபிரிசைஸ்யூனிட் என்ற ஆணைக்குள் மி.மீ. என்று குறிப்பிட்டு இடுங்கள். இல்லாவிட்டால் அங்குலத்தில் வரைந்த ஜாபில் அதே 400 அங்குலமாகிவிடும். முன்னால் ஜி90 (பூஜ்யத்திலிருந்து அளப்பது) கட்டாயம்: ஃபானக்கில் ஜி91 (இருக்கும் இடத்திலிருந்து அளப்பது) நிலையில் ஜி53 வேலை செய்யாது.

ஜி28-இல் நிலைமை நேர் எதிர். ஜி91 ஜி28 இசட்0. என்றால் இருக்கும் இடத்திலிருந்து நேராக மேலே போகும். அதையே ஜி90 நிலையில் எழுதினால் டூல் முதலில் ஜாபின் இசட் 0-க்கு இறங்கிவிட்டுத்தான் ஹோமுக்குத் திரும்பும். பாக்கெட் இருக்கிறதா, கிளாம்ப் இருக்கிறதா என்று அது பார்க்காது. கையால் ஜி28 வரி சேர்க்கிறவர்கள் மெஷினை இடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே இசட் மேலே போக, போஸ்ட்டில் உள்ள ரைட்ரிட்ராக்ட் ஆணையையே அழையுங்கள். அது ஜி91 போட்டு, வேலை முடிந்ததும் ஜி90-க்குத் திரும்பும்.

போஸ்ட்டின் நினைவு

போஸ்ட் திருத்துவதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், இந்தப் பகுதிதான். கடைசியாக எழுதிய ஜி-கோடையும் எக்ஸ், ஒய், இசட் அளவுகளையும் போஸ்ட் நினைவில் வைத்திருக்கும். மாறாததை மறுபடி எழுதாது. ஜி1 (வெட்டு நகர்வு) நடந்துகொண்டிருந்தால் அடுத்த வரியில் எக்ஸ்50. மட்டும் வரும்.

இப்போது ஓர் ஆபரேஷனின் நடுவில், ஜி0 இசட்100. என்று மேற்கோள் குறிக்குள் வெறும் உரையாக ஒரு வரியைச் செருகுகிறீர்கள். மெஷின் ஜி0-க்கு (ரேபிட், அதாவது வேக நகர்வு) மாறிவிட்டது. போஸ்ட்டுக்கு அது தெரியாது. இன்னும் ஜி1-தான் நடக்கிறது என்று நினைத்து, அடுத்த வெட்டு வரியில் ஜி1-ஐ விட்டுவிடும். விளைவு, வெட்ட வேண்டிய நகர்வு முழு ரேபிட் வேகத்தில் உலோகத்துக்குள் போகும். திரையில் பாதை சரியாகவே தெரியும் என்பதால் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை.

தீர்வு எளிது. ஜி0-ஐ உரையாக எழுதாமல் ஜிமோஷன்மோடல் வழியாக எழுதுங்கள். அப்போது நினைவும் கூடவே மாறும். நிலையை மாற்றும் வரி எதையாவது உரையாகவே எழுத நேர்ந்தால், அதற்கு அடுத்து ஜிமோஷன்மோடலை ரீசெட் செய்து, ஃபோர்ஸ்எக்ஸ்ஒய்இசட் ஆணையையும் அழையுங்கள். அடுத்த நகர்வில் எல்லாம் முழுமையாக எழுதப்படும்.

திருத்தம் மூன்று: டேப்பிங்

ரிஜிட் டேப்பிங்கில் ஜி84-க்கு (டேப் அடிக்கும் சுழற்சி) முன் எம்29 எஸ்500 போன்ற வரி வரவேண்டும். பட்டியலில் ரிஜிட் டேப்பிங்கை ‘ஆம்’ என்று வைத்தால் பொதுப் போஸ்ட் அதை எழுதும். சில மெஷின்களில் எம்29-க்கு முன் எம்3 வந்தால் ஒத்துக்கொள்ளாது. அதற்கு ஸ்பிண்டில் திசை இல்லாத தேர்வு தனியாக உண்டு.

எஃப் (ஃபீட், நிமிடத்துக்கு மி.மீ.) மதிப்பைச் சரிபாருங்கள். எம்8×1.25, 500 ஆர்.பி.எம். என்றால் 500 × 1.25 = 625. இதில் சிக்கல் இல்லை. 1/4 பி.எஸ்.பி. (குழாய்த் திரெட்) டேப்பில் அங்குலத்துக்கு 19 திரெட், பிட்ச் 1.3368. 200 ஆர்.பி.எம்.-இல் எஃப் 267.37 வரவேண்டும். ஃபீட்ஃபார்மட் வரியில் டெசிமல்ஸ் 0 என்று இருந்தால் எஃப் 267 என்று முழு எண்ணாகிவிடும். ரிஜிட் டேப்பிங்கில் ஸ்பிண்டிலும் இசட்டும் இந்த எண்ணை வைத்தே இணைந்து ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் டேப்பின் பக்கவாட்டில் அழுத்தம் சேரும். டெசிமல்ஸை 2 ஆக்குங்கள்.

போஸ்ட் ஓடாவிட்டால்

வரும் பதிவுக் கோப்பில் பிழையான வரியின் எண் இருக்கும். அடைப்புக்குறி மூடாதது, காற்புள்ளி விட்டுப்போனது, பெயரில் எழுத்துப் பிழை ஆகிய மூன்றைத்தான் முதலில் தேட வேண்டும். புரோகிராம் பெயர் எண்ணாக இல்லாவிட்டாலும் ஃபானக் போஸ்ட் மறுக்கும். பெயராக 1 முதல் 7999 வரை ஏதேனும் ஓர் எண் கொடுங்கள்; 8000, 9000 வரிசைகள் பாராமீட்டர் 3202-ஆல் பூட்டப்பட்டிருக்கலாம், டூல் சேஞ்ச் மேக்ரோவும் பெரும்பாலும் 9000 வரிசையில்தான் இருக்கும். ஆபரேஷனுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் குறிப்பு வரியில் அது வராது. அனுமதித்த எழுத்துகளை மட்டுமே போஸ்ட் விடும்.

மெஷினில் 20-ஆம் அலாரம் வந்தால் வளைவின் தொடக்க ஆரமும் முடிவு ஆரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பாராமீட்டரைத் தளர்த்தும் முன், மி.மீ.யில் அளவுகள் மூன்று தசம இடத்தோடு வருகின்றனவா என்று பாருங்கள்.

மெஷினில் சோதிப்பது

பழைய கோப்பையும் புதியதையும் அருகருகே ஒப்பிடுங்கள். நீங்கள் மாற்றிய வரிகள் மட்டும் மாறியிருக்க வேண்டும். வேறெங்காவது வித்தியாசம் தெரிந்தால் காரணம் புரியும்வரை மெஷினுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்தான்.

வைஸில் ஜாப் இல்லாமல், எக்ஸ்டர்னல் வொர்க் ஆஃப்செட்டில் இசட்டை +100 மி.மீ. தூக்கி வையுங்கள். சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக நின்று ஓட்டுவது) ஆன், ரேபிட் 25 சதவீதம். ஒவ்வொரு டூல் சேஞ்சிலும் நிறுத்தி, அடுத்த இசட் இறக்கத்துக்கு முன் ஜி43-உம் சரியான ஹெச் எண்ணும் (டூல் நீளம் உள்ள இடத்தின் எண்) வந்தனவா என்று திரையில் பாருங்கள். மீதித் தூரத்தையும் பாருங்கள். இந்த 100 மி.மீ. ஜி53, ஜி28 முடிவிடங்களை மாற்றாது, ஆகவே அந்த வரிகளில் கை ஃபீட் ஹோல்டில் (நகர்வை நிறுத்தும் பொத்தான்) இருக்கட்டும். ஓட்டம் முடிந்ததும் ஆஃப்செட்டைத் திரும்ப 0 ஆக்கிவிட்டு, அலுமினியத்திலோ நைலானிலோ முதல் ஜாபை வெட்டுங்கள்.

சரியாக வந்த போஸ்ட்டைத் தேதியோடு பெயரிட்டு, என்ன மாற்றினீர்கள் என்பதைக் கோப்பின் தொடக்கத்திலேயே குறிப்பாக எழுதி, புரோகிராம் போடும் எல்லாக் கணினிகளிலும் அதே கோப்பை வைத்துப் பழையதை நீக்கிவிடுங்கள்.