முழங்கால் வலியும் சீட் உயரமும்: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் நடக்கும் அமாஷோவா சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் பயிற்சியில் இறங்கினேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை சுமார் 106 கி.மீ. கடலை நோக்கி இறங்குவதுதானே என்பார்கள். வழியில் வரும் பாலி ஷார்ட்ஸ், இஞ்சாங்கா மேடுகளை அவர்கள் மிதித்ததில்லை.

டர்பன் கடற்கரைச் சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. போத்தாஸ் ஹில் ஏறும்போதுதான் முழங்காலின் முன்பக்கம் வலித்தது. தைலம் தேய்த்தும் பலனில்லை. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன். கடையில் வைத்துக் கொடுத்த உயரம் குறைவு. சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும்.

சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தேன். கால் நேராக நீள வேண்டும்; எனக்கு மடங்கியே இருந்தது. ஒரேயடியாக உயர்த்தாமல் சில மில்லிமீட்டர் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஏற்றினேன். இடுப்பு இருபுறமும் ஆடினால் உயரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மேட்டில் கனமான கியரில் மிதிப்பதையும் விட்டேன். வலி மெல்லக் குறைந்து நின்றது.

சாப்பாட்டுக்கு வாழைப்பழமும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் போதும். முதல்நாள் இரவு பீன்ஸ் கறி பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வேண்டாம், சொல்லிவிட்டேன்.

சரியான உயரத்தில் சீட் தண்டில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வண்டியை ஏற்றிப் போகக் கழற்றினாலும் அதே இடத்தில் மாட்டிவிடலாம்.